பூட்டிய அறையில் பச்சைக் கேண்டில்

'டிக்' என்று கதவு பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் ஒரே துப்பறிவாளர் அக்கா. ஒரே உதவியாளர் நான். என் வாய் ஓயாது என்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் லொடலொடா. எதிரே ஒருவன் கத்தியோடு நின்றால்கூட, 'தம்பி, அந்தப் பிடியைக் கொஞ்சம் திருப்பு, பாக்கணும்' என்று கேட்கக்கூடிய ஆள் அக்கா. ஆனால் மூடிய அறை என்றால் மட்டும் ஆகாது. லிப்ட்டில் ஏற மாட்டார். ஒன்பதாவது மாடியில் இருக்கிற இந்தப் பங்குத் தரகர் ஆபீஸுக்கும் படியேறித்தான் வந்தோம். என் முட்டி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

"ஜன்னல் எங்க?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"வெளிச்சம் ஸ்க்ரீன்ல அடிக்குதுன்னு கறுப்புத் தாள் ஒட்டிட்டோம் மேடம்" என்றார் முதலாளி. கை விரலெல்லாம் மோதிரம், முகமெல்லாம் எரிச்சல். "கதவு என் கட்டைவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். மார்க்கெட் மூடுற வரைக்கும் யாரும் வெளிய போகப் போறதில்ல."

"பாத்ரூம்?" என்றேன்.

"அடக்கிக்குங்க."

எங்கள் போன்களையும் வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதில் ஏற்கனவே ஆபீஸ்காரர்களின் போன்கள் கிடந்தன. ஏசி ஓடியும் அக்காவுக்கு நெற்றி வேர்த்தது. சுவரைத் தடவிக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவுப் பக்கத்தில் ஒரு பெரிய தேதி காலண்டர் தொங்கியது. அதை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பழையபடி விட்டார்.

"என்னக்கா, நல்ல நேரம் பாக்குறீங்களா?"

"சும்மா இரு லொட."

நான் சும்மா இருக்கிற நிலையில் இல்லை. அறையின் மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டு. மீட்டிங் ரூமாம். அதற்குள் தன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் தங்கை. வீட்டில் டிவி ரிமோட்டுக்காக என் கையைக் கடித்து வைக்கிற வாலு. இப்போது நான் கண்ணாடியைத் தட்டியும் தலை நிமிரவில்லை. 

விஷயத்தை முதலாளி நின்றபடியே சொன்னார்.

"பெரிய கிளையன்ட் ஒருத்தர் நேத்து காலைல எனக்குப் போன் பண்ணி, பைப் கம்பெனி பங்கு மொத்தமா வாங்கணும், மத்தியானத்துக்கு மேல ஆரம்பிங்கன்னாரு. அதை நான் என் கேபின்ல வச்சு இந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான் சொன்னேன். ஆர்டர் போடுறது அவ வேலை. ஆனா வெளிய எவனோ அந்தப் பங்கை முன்கூட்டியே வாங்கி வச்சிருக்கான், எப்ப, எப்படின்னு தெரியல. அப்புறம் நாங்க வாங்க வாங்க விலை ஏறுச்சு. ஏறின விலைக்கு நம்மகிட்டயே வித்துட்டுப் போயிட்டான். கிளையன்ட் கொதிச்சுப் போயிருக்காரு. மார்க்கெட் மூடினதும் போலீஸோட வர்றேன்னு சொல்லியிருக்காரு. நான் பொண்ணை ஒப்படைச்சிடுவேன்."

"அவதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். எனக்கு நானே குழி வெட்டிக்குவேனா? அவ கடைசியா அண்ணனுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்னு அழுதா. சரி, வரட்டும், நாளைக்கு அநியாயம்னு யாரும் பேசக் கூடாதுன்னுதான் உங்களை உள்ள விட்டேன். உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கு."

ஒரு மணி நேரம் கழித்து என் தங்கை திருடி. அதற்கப்புறம் எந்த ஆபீஸும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, முதல் நாள் வேலைக்குப் போன அன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அம்மா போனில் பெருமை பேசியது என் காதில் ஒலித்தது. முதலாளியின் மோதிர விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஒடிக்கலாமா என்று இருந்தது.

"அறையில வேற யாரு?" என்றார் அக்கா.

வேறு இரண்டு பேர். முதல் ஆளை ஆபீஸில் 'நிமிஷம்' என்று கூப்பிடுவார்கள். ஒரு நிமிட சார்ட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டானாம். அவன் எதிரே ஸ்க்ரீனில் சிவப்பும் பச்சையுமாக, கேண்டில் என்று அவர்கள் சொல்கிற குச்சிகள் துடித்துக்கொண்டிருந்தன. கூடவே அவன் தொடையும் துடித்துக்கொண்டிருந்தது.

"நேத்து அந்தப் பைப் கம்பெனியில என்ன நடந்துச்சு?"

"தெரியாது மேடம்." கண் ஸ்க்ரீனை விட்டு நகரவில்லை. "நான் மார்க்கெட் இண்டெக்ஸ் மட்டும்தான் ஆடுவேன். வேற எதையும் பாக்க எனக்கு நேரம் இல்ல. ஐயோ, போச்சு! இல்ல, வந்துடுச்சு. ஐயோ!"

"டாக்டரைப் பாருங்க தம்பி" என்றேன்.

இரண்டாவது ஆள் நேர் எதிர். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, முகத்தில் ஒரு மகான் சிரிப்பு. முதலாளியின் கேபின் தடுப்பில் நாற்காலி முதுகை அணைத்துப் போட்டுச் சாய்ந்திருந்தார். அவர் ஸ்க்ரீன் அணைந்து கிடந்தது.

"இவரைத் தினசரின்னு சொல்வாங்க" என்றார் முதலாளி, அவரைப் பார்க்காமலே. "நாள் சார்ட் மட்டும் பாப்பாரு."

"ஒரு நாளைக்கு ஒரே கேண்டில்" என்றார் தினசரி, விரலை உயர்த்தி. "மார்க்கெட் நடக்கும்போது என் ஸ்க்ரீன் அணைஞ்சுதான் இருக்கும். மூடினப்புறம் ஒரு தடவை போடுவேன், பாப்பேன், வீட்டுக்குப் போயிடுவேன். அஞ்சு நிமிஷம், ஒரு நிமிஷம் எல்லாம் சூதாட்டம் மேடம். ரத்தக் கொதிப்புதான் மிச்சம்."

"பைப் கம்பெனியை நேத்து பாத்தீங்களா?"

"சாயங்காலம் பாத்தேன். பெரிய பச்சைக் கேண்டில், அடியில வால்யூம் மலை மாதிரி." உச்சுக்கொட்டினார். "பாவம் அந்தப் பொண்ணு. காலையிலேயே வால்யூம் வந்திருச்சு, விலை மட்டும் நகரல. மத்தியானத்துக்கு மேலதான் விலையைத் தூக்குச்சு. யாருக்கோ வாக்குக் கொடுத்து மாட்டிக்கிட்டா போல. சின்னப் பொண்ணு, விவரம் பத்தாது. நான் வேணும்னா முதலாளிகிட்ட அவளுக்காகப் பேசிப் பாக்குறேன்."

நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இந்த ஊரிலேயே முதன்முதலாக ஒருவர் என் தங்கைக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார். காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன்.

அக்கா கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். பூட்டிய அறைக்குள் இன்னொரு பூட்டிய அறை. பிறகு கையை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போனார். நானும் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார். வெளிச் சத்தம் அடியோடு நின்றுபோனது. நிமிஷத்தின் வாய் மட்டும் 'ஐயோ' என்று அசைந்தது.

"அண்ணா, நான் பண்ணல" என்றாள் தங்கை. அவ்வளவுதான், உடைந்துவிட்டாள்.

"தெரியும்டி வாலு. ரிமோட்டை விட்டா நீ எதையும் திருட மாட்டே."

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம் கண்ணு" என்றார் அக்கா. மூச்சைச் சின்னச் சின்னதாக இழுத்தார். "எனக்கு ஷேர் மார்க்கெட் சுத்தமாத் தெரியாது. சீக்கிரம் சொல்லிக் கொடு. இந்த ரூம்ல என்னால ரொம்ப நேரம் உக்கார முடியாது."

வேலையைப் பற்றிக் கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசை மேல் இருந்த லேப்டாப்பைத் திறந்தாள்.

"இதுதான்க்கா நாள் சார்ட். நேத்து காலைல மார்க்கெட் திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும் இந்த ஒரே ஒரு கேண்டில். எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுது, எவ்வளவு மேல போச்சு, எவ்வளவு கீழ வந்துச்சு, அது தெரியும். அடியில இருக்கிற இந்தத் தூண் வால்யூம். மொத்தம் எத்தனை பங்கு கை மாறுச்சுங்கிற கணக்கு."

"ஒரு நாளையே ஒரு குச்சிக்குள்ள அடைச்சுட்டாங்க" என்றேன். "நம்மளை மாதிரி."

"இதையே நிமிஷ சார்ட்ல போட்டா ரொம்பப் பொடியா நறுக்கிடும். வெறும் ஆட்டம்தான் தெரியும். நான் ஆர்டர் போடுறவ. எனக்குக் கூட்டம் எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரியணும். அதனால அஞ்சு நிமிஷம் வச்சுப் பாப்பேன்." ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒற்றைக் குச்சி இருந்த இடத்தில் சின்னக் குச்சிகளின் ஊர்வலம் வந்தது. "இங்க பாருங்க. காலைல விலை படுத்தே கிடக்கு. ஆனா அடியில வால்யூம் மட்டும் திடீர்னு உயரமாகுது. விலை நகராம வால்யூம் ஏறுதுன்னா, யாரோ சத்தமே போடாம அள்ளிப் போடுறான்னு அர்த்தம். மத்தியானம் நான் வாங்க ஆரம்பிச்ச பிறகுதான் விலை எகிறுது. ராத்திரி வீட்ல உக்காந்து பாத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. இன்னிக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டாரு."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரு என்னைப் பேச விட்டாங்க? உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

அக்கா ஸ்க்ரீனில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தார். "அந்த நாள் சார்ட்டை மறுபடி போடு. இந்த ஒரே தூணுக்குள்ள காலைல வந்த வால்யூம் எது, மத்தியானம் வந்தது எதுன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா. எல்லாம் சேந்துதான் நிக்கும்."

"வால்யூம் முன்னாடி வந்துச்சா, விலை முன்னாடி ஏறுச்சான்னு?"

"அதுவும் தெரியாது. அதுக்கு உள்ள இறங்கிப் பாக்கணும். அஞ்சு நிமிஷம் மாதிரி சின்ன டைம்ஃப்ரேம் வேணும்."

அக்கா நிமிர்ந்தார். வேர்வை வழிகிற முகத்தில் ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பை நான் அறிவேன். யாரோ ஒருத்தருக்கு இன்றைய சாப்பாடு இறங்காது என்று அர்த்தம். யாருக்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. நானும் அதே காதுகளோடு அதே அறையில்தான் இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கூண்டை விட்டு மூவரும் வெளியே வந்தோம். முதலாளி தடுக்க வந்தார். அக்கா அவரைக் கையால் நகர்த்திவிட்டு நேராகத் தினசரியிடம் போய் நின்றார்.

"சார், நீங்க அனுபவஸ்தர். ஒரு சந்தேகம். இந்த அஞ்சு நிமிஷ சார்ட்டை எப்பவாவது பாத்துருக்கீங்களா?"

"இந்தக் கையால தொட்டதே இல்ல மேடம்" என்றார் தினசரி, நெஞ்சை நிமிர்த்தி. "இந்த ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"நேத்து கூடவா?"

"நேத்து, முந்தாநாள், என்னிக்குமே இல்ல."

"உண்மைதான் மேடம்" என்றான் நிமிஷம். "எங்களைக் கிண்டல் பண்றதே அவருக்கு வேலை."

"அப்ப உங்க நாள் சார்ட்டைக் கொஞ்சம் போடுங்க. பைப் கம்பெனி."

ஸ்க்ரீன் உயிர் பெற்றது. நேற்றைய பச்சைக் கேண்டில் கம்பீரமாக நின்றது.

"காலையிலேயே வால்யூம் வந்திருச்சு, விலை மட்டும் நகரல, மத்தியானத்துக்கு மேலதான் தூக்குச்சுன்னு சொன்னீங்க. எவ்வளவு தெளிவாச் சொன்னீங்க! அதை இதுல எங்க பாத்தீங்கன்னு விரலை வச்சுக் காட்டுங்க. நானும் கத்துக்கிறேன்."

தினசரி விரலை நீட்டினார். விரல் கேண்டிலின் அடியில் நின்றது. பிறகு மேலே போனது. பிறகு வால்யூம் தூணுக்கு இறங்கியது. மறுபடி மேலே. மகான் சிரிப்பு உதட்டோரத்தில் காய்ந்துபோனது.

"ஒரே குச்சிதானே சார்" என்றார் அக்கா. "இதுல காலை எது, மத்தியானம் எது?"

"அது... அனுபவத்துல... நிமிஷம் சொன்னான்."

"நான் அந்தப் பங்கு பக்கமே போகல சார்! என்னை ஏன் இழுக்குறீங்க?"

"அப்ப முதலாளி சொல்லியிருப்பாரு."

"எனக்கே தெரியாதே" என்றார் முதலாளி மெல்ல. "எனக்குச் சார்ட்டும் தெரியாது, மண்ணும் தெரியாது. கமிஷன் வந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் பாப்பேன்."

"காலைல ஓசைப்படாம வாங்கினது ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம்" என்றார் அக்கா. "ஒண்ணு, அஞ்சு நிமிஷ சார்ட்ல பாத்த இந்தப் பொண்ணு. அவளை யாரும் பேசவே விடல. இன்னொண்ணு, வாங்கினவன். உங்க நாற்காலி முதுகு கேபின் தடுப்பை ஒட்டித்தானே கிடக்கு? நல்லாக் காது கேக்கும். முதலாளி, அந்த பிஸ்கட் டப்பாவைத் திறங்க. நேத்து காலைல யாரு போன்ல இருந்து யாருக்குப் போச்சுன்னு பாத்துடலாம்."

நல்ல மனுஷன், நான் என் வாயால் நன்றி சொன்ன அந்த நல்ல மனுஷன், பாய்ந்து போய் டப்பாவின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டார்.

நிமிஷம்கூட ஸ்க்ரீனை விட்டுத் திரும்பிவிட்டான்.

"கையை எடுங்க சார்" என்றேன். "உள்ள கிடக்கிறது பிஸ்கட் இல்ல."

அப்போது தினசரி முதலாளியைப் பார்த்துக் கதறினார்: "அத்தான்! ஒரே ஒரு தடவைதான் அத்தான்! எங்க அக்கா முகத்துக்காகவாவது விட்டுடுங்க!"

அத்தானா? தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நாள் ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாதாம். முதலாளியின் மனைவியுடன் கூடப் பிறந்த தம்பி!

கதை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

முதலாளி டப்பாவை மைத்துனரின் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். திறக்கவில்லை. தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இது குடும்ப விஷயம்" என்றார். குரல் மாறியிருந்தது. "கிளையன்ட்கிட்ட நான் பேசிக்கிறேன். போலீஸ் எல்லாம் வேண்டாம். ஆனா அவருக்கு ஒரு ஆள் காட்டணும். இந்தப் பொண்ணு, வேலையில கவனக்குறைவா இருந்துட்டேன், விலகிக்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஜெயில் கிடையாது. அத்தோட முடிஞ்சுது."

"பண்ணாத தப்புக்கா?" என்றாள் தங்கை.

"போடலன்னா இந்தக் கதவு திறக்காது. போனெல்லாம் என்கிட்ட இருக்கு. மேடத்துக்கு மூச்சு முட்டுது பாருங்க. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

தாளும் பேனாவும் மேசைக்கு வந்தன. அக்காவைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்றார்; உதடு வெளுத்திருந்தது. கறுப்பு ஒட்டிய ஜன்னல்கள், தாழ்ந்த கூரை, ஒரு மனிதனின் கட்டைவிரல். எனக்கே அறை சுருங்கிக்கொண்டு வருவது போல இருந்தது. பயம் வந்தால் என் புத்தி போகிற போக்கு இருக்கிறதே!

"போட்டுத் தொலைடி வாலு" என்றேன். "வேற வேலை தேடிக்கலாம். வீட்டுக்குப் போகலாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிறகு பேனாவை எடுத்து மூடி போட்டு, முதலாளி பக்கம் உருட்டி விட்டாள்.

"மாட்டேன்" என்றாள். "இங்கேயே கிடக்கிறேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. கனமான, பொறுமையில்லாத தட்டு. "திறங்க சார், நான்தான்" என்று வெளியே ஒரு குரல். கிளையன்ட். கூடவே பூட்ஸ் சத்தம்.

"யாரும் மூச்சு விடக் கூடாது" என்று முதலாளி கிசுகிசுத்தார். "ஆள் இல்லன்னு போயிடுவாரு."

அக்கா சுவரை விட்டு நகர்ந்தார். தள்ளாடித்தான் நடந்தார். கதவுப் பக்கத்தில் இருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக் கீழே போட்டார். அதன் பின்னால் ஒரு சின்னப் பச்சைப் பெட்டி, கண்ணாடி மூடியோடு. தீப்பிடித்தால் கதவைத் திறக்க எல்லாக் கட்டடத்திலும் வைத்திருக்கிற அவசரப் பொத்தான். அக்கா முழங்கையால் ஒரே இடி இடித்தார்.

'டிக்.'

கதவு தானாகத் திறந்துகொண்டது. நடைபாதையின் ஜன்னல் வெளிச்சம் உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் விழுந்தது. வாசலில் கோட்டு போட்ட ஒருவர், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். டப்பாவை அக்குளில் இடுக்கியபடி திருதிருவென விழித்துக்கொண்டு முதலாளி.

அக்கா அவர்களைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். மூச்சை ஆழமாக இழுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அந்தப் பொத்தான் அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உள்ள வந்த உடனே. எனக்கு எந்த ரூமுக்குப் போனாலும் முதல்ல அதைத்தான் கண்ணு தேடும்."

"ஐயோ அக்கா! அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் உள்ள கிடந்து செத்துப் பிழைச்சீங்க? அப்பவே திறந்து அவளை இழுத்துட்டு ஓடியிருக்கலாமே!"

"ஓடியிருந்தா உன் தங்கச்சி ஓடிப்போன திருடி. எது முதல்ல நடக்கணும், எது அப்புறம் நடக்கணும்னு இருக்குடா லொட." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் இது முதல் தடவை.

திறந்த கதவு வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. கோட்டுக்காரர் முதலாளியைப் பார்த்து, "எங்க அந்தப் பொண்ணு?" என்று இரைந்தார். முதலாளி டப்பாவை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். நடு அறையில் என் தங்கை லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான்தான் சார் அந்தப் பொண்ணு. உக்காருங்க" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. "இது அஞ்சு நிமிஷ சார்ட். முதல்ல வால்யூம் காட்டுறேன். விலை அப்புறம் வரும்."